ஒருபால் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு: மதத்தின் சொல் எதுவரை செல்லலாம்?

தராசு எழுதியது:

ஒருபால் இணையரின் திருமணத்தைச் சட்டம் ஏற்க வேண்டுமா என்று யாராவது கேட்டால், பேச்சு வெகுவிரைவில் "என் மதம் இதை ஏற்காது" என்பதிலும் "உங்கள் மதம் எனக்கு எதற்கு" என்பதிலும் போய் முட்டி நின்றுவிடுகிறது. முதலாவது ஒருவருடைய நம்பிக்கையைச் சொல்கிறது; இரண்டாவது இன்னொருவருடைய சலிப்பைச் சொல்கிறது. சட்டம் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு இரண்டிலும் விடை இல்லை. ஆகவே கேள்வியைச் சற்றுப் பிரித்து வைக்க விரும்புகிறேன்.

அரசு ஒரு திருமணத்தைப் பதிவு செய்யும்போது உண்மையில் எதைத் தருகிறது? நினைவிழந்து கிடப்பவருக்காக மருத்துவமனையில் யார் முடிவெடுப்பது, உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்து யாருக்குப் போவது, ஓய்வூதியம் யாருக்கு, வெளிநாட்டவரான துணைக்குக் குடியிருப்பு உரிமை உண்டா, பிள்ளைக்குச் சட்டப்படி பெற்றோர் யார், பிரிய நேர்ந்தால் யார் யாருக்குப் பராமரிப்புத் தொகை தர வேண்டும் என்பன போன்ற நூறு கேள்விகளுக்கு அந்த ஒரே பதிவு விடை தந்துவிடுகிறது. பதிவு இல்லாதவர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வாதாட வேண்டும். அதுவும் பெரும்பாலும் துயரத்தின் நடுவில்.

ஒருபால் திருமணத்தை நாடெங்கும் செல்லுபடியாக்கி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2015 ஜூன் 26 அன்று தீர்ப்பளித்த ஓபர்கஃபெல் வழக்கின் தொடக்கத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஜிம் ஓபர்கஃபெல்லின் துணைவர் ஜான் ஆர்தர், நரம்பணுக்களை அழிக்கும் ஏ.எல்.எஸ். நோயால் படுத்த படுக்கையாகிவிட்டார். அவர்களுடைய ஒஹையோ மாநிலம் அத்தகைய திருமணத்தை அனுமதிக்காததால், 2013 ஜூலையில் மருத்துவ விமானம் ஒன்றில் மேரிலாந்துக்குப் போய், ஓடுதளத்தில் நின்ற அந்த விமானத்துக்குள்ளேயே திருமணம் செய்துகொண்டார்கள். ஆர்தர் இறந்தால் இறப்புச் சான்றிதழில் அவரை மணமாகாதவர் என்றே குறிப்போம் என்றது ஒஹையோ. வழக்கு அந்தச் சான்றிதழின் ஒரு கட்டத்தில் என்ன எழுதுவது என்பதைப் பற்றித்தான் தொடங்கியது. எந்தத் திருச்சபையிடமும் அவர்கள் எதையும் கேட்கவில்லை.

என் நிலைப்பாடு இதுதான். அரசின் பதிவேடு எல்லாக் குடிமக்களுக்கும் உரியது. அதை ஒருபால் இணையருக்கு மூடி வைக்க மத நம்பிக்கை காரணமாகாது. மதச் சடங்கு அந்தந்த மதத்துக்கு உரியது. அதை யாருக்காகத் திறப்பது என்று சொல்ல அரசுக்கு உரிமை இல்லை. இதை மறுப்பவர்கள் மறுப்பின் காரணத்தோடு எழுதினால் நன்றாக இருக்கும்.

மறைவழி எழுதியது:

தராசு அவர்களே, பிரித்து வைத்த விதம் நேர்த்தியாக இருக்கிறது. ஆனால் பிரித்துவிட்டதாலேயே முடிவும் உங்கள் பக்கம் விழுந்துவிட்டது. எதிர்வாதத்துக்கு இடமே இல்லாதபடி கேள்வி அமைக்கப்பட்டிருக்கிறது.

நான் கத்தோலிக்கன். எங்களுக்குத் திருமணம் ஓர் அருட்சாதனம், அதாவது இறையருளைத் தரும் புனிதச் சடங்கு. ஆனால் என் வாதம் அதை நம்பி இல்லை. திருமணம் அரசுக்கு முன்பே இருந்தது. அரசு அதை உண்டாக்கவில்லை, கண்டு ஏற்றுக்கொண்டது. ஏன் ஏற்றுக்கொண்டது? ஆணும் பெண்ணும் கூடினால் பிள்ளை பிறக்கும், அந்தப் பிள்ளைக்குத் தாயும் தந்தையும் பொறுப்பாக நிற்க வேண்டும் என்பதால்தான். நட்புகளை அரசு பதிவு செய்வதில்லை. சேர்ந்து வாழும் இரண்டு சகோதரிகளுக்கும் உயில் சிக்கல், மருத்துவமனைச் சிக்கல் எல்லாம் உண்டு. அவர்களுக்குத் திருமணச் சான்றிதழ் தர யாரும் கேட்பதில்லை. நீங்கள் அடுக்கிய சலுகைகள் திருமணத்தின் விளைவுகள். விளைவுகளின் பட்டியலை வைத்துக்கொண்டு காரணத்தை மாற்றி எழுத முடியாது.

இரண்டாவதாக, "சடங்கை யாரும் தொட மாட்டார்கள்" என்ற உறுதிமொழி. சடங்கோடு மதம் முடிந்துவிடுவதில்லை. மதம் பள்ளி நடத்துகிறது, மருத்துவமனை நடத்துகிறது, பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்குக் குடும்பம் தேடித் தருகிறது. ஒருபால் ஈர்ப்பாளர்களைப் பாகுபடுத்தக் கூடாது என்ற 2007ஆம் ஆண்டின் சமத்துவ விதிமுறைகள் இங்கிலாந்தில் வந்தபோது கத்தோலிக்கத் தத்தெடுப்பு அமைப்புகளுக்குக் கிடைத்தது 2008 இறுதிவரையிலான அவகாசம் மட்டுமே. அதன்பின் சில அமைப்புகள் அந்தப் பணியையே கைவிட்டன, சில திருச்சபையோடு இருந்த உறவை முறித்துக்கொண்டு தொடர்ந்தன. அப்போது அங்கே ஒருபால் திருமணச் சட்டம்கூட வந்திருக்கவில்லை.

மூன்றாவது, எனக்கு உறுத்தலாக இருப்பது. மதத்திலிருந்து வந்த கருத்து என்பதாலேயே ஒரு வாதம் பொதுவெளிக்குத் தகுதியற்றது என்று ஏன் கொள்ள வேண்டும்? கடனுக்கு வட்டி வாங்குவது, தூக்குத் தண்டனை, அகதிகளை ஏற்பது ஆகியவற்றில் மதத்தலைவர்கள் பேசினால் மனச்சான்றின் குரல் என்கிறார்கள். திருமணத்தைப் பற்றிப் பேசினால் மட்டும் அத்துமீறல் ஆகிவிடுகிறது.

சட்டநூல் எழுதியது:

மறைவழி அவர்களின் மூன்றாவது கருத்தை முழுமையாக ஏற்கிறேன். நம்பிக்கையாளர் தம் நம்பிக்கையின் அடிப்படையில் வாக்களிக்கலாம், பரப்புரை செய்யலாம், நாடாளுமன்றத்தில் பேசலாம். சட்டமாக எழுதப்படும்போது மட்டும், அந்த நம்பிக்கை இல்லாதவருக்கும் விளங்கும் காரணம் ஒன்று வேண்டும். அவரே பிள்ளைகள் நலன் என்ற பொதுக் காரணத்தைத்தான் முன்வைத்திருக்கிறார். மறைநூல் வசனத்தை வைக்கவில்லை. எனவே இந்த விதியை நடைமுறையில் அவரும் ஏற்றுக்கொண்டவரே.

அந்தக் காரணத்தையே எடுத்துக்கொள்வோம். பிள்ளை பிறப்பதுதான் அரசின் அக்கறை என்றால், எழுபது வயதில் மணப்பவரைப் பதிவாளர் திருப்பி அனுப்ப வேண்டும். எந்த நாட்டுச் சட்டமும் அப்படிச் செய்வதில்லை. கருத்தரிக்க இயலாமை, மணம் செல்லாது என்பதற்குத் தானாகக் காரணமாவதில்லை. மறுபுறம், ஒருபால் இணையர் வளர்க்கும் பிள்ளைகள் ஏற்கெனவே இருக்கிறார்கள்: முந்தைய மணத்தில் பிறந்தவர்கள், தத்தெடுக்கப்பட்டவர்கள், மருத்துவ உதவியால் பிறந்தவர்கள். பெற்றோர் இருவரில் ஒருவருக்கு மட்டுமே சட்ட உறவு இருக்கும்போது அவர் இறந்துபோனால், பிள்ளைக்கு மற்றவர் யாருமில்லை என்றாகிவிடுகிறது. பிள்ளை நலன் பேசுபவரை முதலில் உறுத்த வேண்டிய நிலைமை இதுதான். சகோதரிகள் ஏற்கெனவே சட்டப்படி உறவினர். அந்நியர் இருவரை உறவினராக்கும் வேலையைத்தான் திருமணம் செய்கிறது.

"திருமணம் அரசுக்கு முன்பே இருந்தது" என்பது சரி. ஆனால் அது குருக்களுக்கும் முன்பே இருந்தது. மேற்கத்தியத் திருச்சபையில் இருவரின் பரஸ்பர ஒப்புதலே மணத்தைச் செல்லுபடியாக்கப் போதுமானதாக நெடுங்காலம் கருதப்பட்டது. பங்குக் குருவும் சாட்சிகளும் இன்றி மணம் செல்லாது என்ற விதியை 1563இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம்தான் கொண்டுவந்தது. பிரான்சு 1792இல் பதிவேட்டைத் திருச்சபையிடமிருந்து எடுத்து நகராட்சியிடம் கொடுத்தது. இன்றும் பிரான்சு, பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய நாடுகளில் பதிவுத் திருமணம் முடிந்த பிறகுதான் மதச் சடங்கு நடக்க வேண்டும். ஒருபால் இணையருக்காகத் தராசு புதிதாகக் கோடு கிழிக்கவில்லை; கோடு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பழையது.

கோடு இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு இஸ்ரேல் இருக்கிறது. அங்கே உள்நாட்டில் மதம் சாராத திருமணம் கிடையாது. வெவ்வேறு மதத்தைச் சேர்ந்த ஆணும் பெண்ணும் மணக்க வேண்டுமானால் சைப்ரஸுக்கோ வேறு நாட்டுக்கோ போய் மணந்து, திரும்பி வந்து பதிவு செய்துகொள்கிறார்கள். பதிவேட்டை மதத்திடம் ஒப்படைத்தால் முதலில் அடிபடுவது ஒருபால் ஈர்ப்பாளர்கள் அல்லர். கலப்பு மணம் செய்யும் ஆணும் பெண்ணும்தான்.

இந்தியச் சட்ட வரலாறும் இதையே சொல்கிறது. 1872ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில், மணப்பவர்கள் தாங்கள் இந்து, கிறித்தவ, முகமதிய முதலான மதங்களைப் பின்பற்றவில்லை என்று உறுதிமொழி தர வேண்டியிருந்தது. மதத்தைத் துறந்தால்தான் மதம் சாராத மணம்! 1954ஆம் ஆண்டின் சட்டத்தில்தான் அந்தக் கட்டாயம் முற்றிலும் ஒழிந்தது. சுயமரியாதைத் திருமணங்களோ சடங்கு இல்லை என்பதற்காகவே செல்லாது என்று நீதிமன்றத்தில் தள்ளப்பட்டு, அந்த இணையரின் பிள்ளைகளுடைய வாரிசுரிமையே ஐயத்துக்குள்ளாகி, பின்னர் அண்ணாதுரை ஆட்சியில் 1967இல் இயற்றப்பட்ட திருத்தத்தால், இந்துத் திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவாக, முன்பு நடந்தவையும் சேர்த்துச் செல்லுபடியாக்கப்பட்டன. புரோகிதரும் தீவலமும் இல்லாமல் மணம் செல்லும் என்று சட்டம் சொன்னதால், புரோகிதரை வைத்து மணப்பவர் எவருக்கும் ஒரு மந்திரம்கூடக் குறையவில்லை.

உள்ளிருப்பவன் எழுதியது:

இதுவரை எழுதியவர்கள் எல்லோரும், ஒரு பக்கம் மதம், எதிர்ப்பக்கம் ஒருபால் ஈர்ப்பாளர்கள் என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். நான் இரண்டு பக்கத்திலும் இருக்கிறேன். ஞாயிறுதோறும் ஆராதனைக்குப் போகிறேன். பெண்ணை மணக்க மாட்டேன் என்பதும் எனக்குத் தெரியும். என்னைப் போன்றவர்கள் குறைவு என்று நினைக்க வேண்டாம்.

இங்கிலாந்தில் குவேக்கர்கள், யூனிட்டேரியன்கள் என்ற சிறு சமயப் பிரிவினரும் தாராளவாத யூதர்களும் ஒருபால் இணையருக்குத் தங்கள் வழிபாட்டிடத்திலேயே மணம் செய்துவைக்க விரும்பினார்கள். அவர்களுடைய இறைநம்பிக்கை அதைக் கோரியது. தடுத்தது சட்டம். 2013இல் சட்டம் மாறிய பிறகுதான் அவர்கள் தங்கள் மதத்தைத் தாங்கள் புரிந்துகொண்டபடி கடைப்பிடிக்க முடிந்தது. ஆகவே, தடை நீடிப்பது மதச் சுதந்திரத்தைக் காக்கும் என்று சொல்பவர்கள் எந்த மதத்தின் சுதந்திரம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே சட்டம் இங்கிலாந்துத் திருச்சபைக்கு எதிர்த்திசையில் பூட்டுப் போட்டது: தன் திருச்சபைச் சட்டத்தை அது தானே மாற்றிக்கொள்ளாதவரை, அதன் குரு விரும்பினாலும் ஒருபால் மணத்தை நடத்த முடியாது. டென்மார்க்கில் 2012 முதல் நாட்டுத் திருச்சபையின் ஆலயங்களிலேயே மணம் நடக்கிறது. தனிப்பட்ட குரு மறுக்கலாம், அப்போது வேறு குரு நடத்துவார்.

மறைவழி அவர்களின் திருச்சபையிலும் எல்லாம் நிலையாக நிற்கவில்லை. 2023 டிசம்பரில் வத்திக்கான் வெளியிட்ட அறிக்கை, மணச் சடங்கு போலத் தோன்றாத வகையில் ஒருபால் இணையருக்குக் குரு ஆசி வழங்கலாம் என்றது. மணம் பற்றிய போதனை மாறவில்லை என்பதையும் அதே அறிக்கை அழுத்தமாகச் சொன்னது. ஆப்பிரிக்க ஆயர்கள் பலர் அதை நடைமுறைப்படுத்த மறுத்தார்கள். உள்ளேயே இவ்வளவு வாதம் நடக்கும்போது, வெளியே சட்டத்தில் எந்தத் தரப்பை அரசு எழுதி வைப்பது?

புத்த மதத்தினர் பெரும்பான்மையாக உள்ள தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் ஒருபால் திருமணம் செல்லும். ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர் பெரும்பான்மையாக உள்ள கிரேக்கத்தில், திருச்சபை கடுமையாக எதிர்த்தும், 2024 பிப்ரவரியில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. மதம் என்று ஒருமையில் பேசினால் இவற்றில் ஒன்றுமே விளங்காது.

குறுக்குக்கேள்வி எழுதியது:

இவ்வளவு சிக்கல் எதற்கு? திருமணம் என்ற வேலையை அரசு விட்டுவிடட்டும். விரும்பிய எந்த இருவரும் கூட்டு வாழ்க்கை ஒப்பந்தம் ஒன்றைப் பதிவு செய்துகொள்ளட்டும். மணம் என்பதை அவரவர் கோயிலோ பள்ளிவாசலோ ஆலயமோ மன்றமோ நடத்தட்டும். யாருக்கும் மனத்தாங்கல் இராது.

சட்டநூல் எழுதியது:

தாளில் நன்றாக இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே மணமான கோடிக்கணக்கானோரின் நிலையை, பத்துப் பதினைந்து சட்டங்களில் கணவன், மனைவி என்று வரும் எல்லா இடங்களையும், வெளிநாடுகள் அந்த ஒப்பந்தத்தை மதிக்குமா என்பதையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். சிலருக்குக் கதவு திறக்கக் கூடாது என்பதற்காக வீட்டையே இடிக்கும் யோசனையாகத் தெரிகிறது. எந்த நாடும் இதைச் செய்யாததற்குக் காரணம் உண்டு.

மறைவழி எழுதியது:

சட்டநூல் அவர்களின் வரலாற்றுக் குறிப்புகளுக்கு நன்றி. திரெந்து சங்கத்தைப் பற்றிச் சொன்னது சரிதான். ஆனால் அதற்கு முன்னும் ஒப்புதல் தந்தவர்கள் ஓர் ஆணும் ஒரு பெண்ணும்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 7ஏ பிரிவும் அப்படித்தான்: சடங்கைத்தான் மாற்றியது, மணமக்கள் யார் என்பதை மாற்றவில்லை. முதியவர்களின் மணத்தைப் பற்றிய வாதம் வலுவானது. அதற்கு என்னிடம் முழுமையான விடை இருப்பதாக நடிக்க மாட்டேன்.

என் அடுத்த கவலை, யார் முடிவெடுப்பது என்பது. அயர்லாந்தில் 2015 மே 22 அன்று மக்களே வாக்களித்தார்கள். 62 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். என் திருச்சபைக்கு அது பெருந்தோல்வி. ஆனாலும் அதன் பிறகு அங்கே இதை யாரும் திணிப்பு என்று சொல்ல முடியவில்லை. அமெரிக்காவில் ஒன்பது நீதிபதிகளில் ஐவர் முடிவு செய்தார்கள். தலைமை நீதிபதி ராபர்ட்ஸ், இது மக்களும் அவர்களுடைய பிரதிநிதிகளும் தீர்மானிக்க வேண்டியது என்று எதிர்த்தீர்ப்பு எழுதினார். தைவானில் 2017இல் அரசியலமைப்பு நீதிமன்றம் ஒருபால் மணத்துக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. 2018இல் நடந்த பொது வாக்கெடுப்பில் மக்கள் எதிராக வாக்களித்தார்கள். 2019இல் ஒருபால் மணத்தை அனுமதிக்கும் தனிச் சட்டம் வந்தது. வாக்களித்தவர் தம் வாக்குக்கு என்ன மதிப்பு என்று கேட்டால் அவருக்கு என்ன சொல்வீர்கள்?

அந்த வகையில், 2023 அக்டோபர் 17 அன்று ஒருபால் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு கோரிய சுப்ரியோ வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் விஷயத்தை நாடாளுமன்றத்திடம் விட்டது முறையானது என்றே கருதுகிறேன்.

சட்டநூல் எழுதியது:

அந்தத் தீர்ப்பைச் சற்று உள்ளே போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த இழையின் கேள்வி அங்கேதான் மிகக் கூர்மையாக எழுகிறது. விசாரணையின் தொடக்கத்திலேயே, மதங்களின் தனிநபர் சட்டங்களுக்குள் போக மாட்டோம், 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தை மட்டுமே பார்ப்போம் என்று அமர்வு சொல்லிவிட்டது. மதத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள் என்றுதான் தோன்றியது. ஆனால் அந்தச் சட்டமே மதச் சட்டங்களோடு பின்னிக் கிடக்கிறது. அதன் 21ஏ பிரிவின்படி, இந்துக்கள் இருவர் அச்சட்டத்தின்கீழ் மணந்தாலும் அவர்களுடைய வாரிசுரிமை இந்து வாரிசுரிமைச் சட்டத்தைப் பின்பற்றியே செல்லும். அங்கே கணவனின் வாரிசுகள், மனைவியின் வாரிசுகள் என்று வரிசை வேறு வேறு. ஒரு சொல்லை மாற்றினால் பத்துச் சட்டங்கள் அசையும் என்பது அரசுத் தரப்பு எதிர்ப்பின் முதுகெலும்புகளில் ஒன்று.

திருமணம் செய்துகொள்ளும் அடிப்படை உரிமை அரசியலமைப்பில் இல்லை என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒன்றுபட்டார்கள். ஒருபால் இணையரின் இணைவுக்கு அரசு ஏதேனும் சட்ட ஏற்பு தர வேண்டுமா, அவர்கள் இணையாகத் தத்தெடுக்கலாமா என்பவற்றில் மூவர் இல்லை என்றும் இருவர் ஆம் என்றும் பிரிந்தார்கள். மறுஆய்வு மனுக்கள் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின. ஆக, மதம் நேர்வாசலில் வராமல், வாரிசுரிமை அட்டவணைகளின் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. பதிவேட்டையும் சடங்கையும் பிரித்துவிட்டோம் என்ற தராசு அவர்களின் நிம்மதி இங்கே செல்லாது, பாதிதான் பிரித்திருக்கிறோம்.

வாக்கெடுப்பைப் பற்றி: தோற்றவர் மனம் ஆறும் என்பது வாக்கெடுப்பின் நன்மை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எண்ணிக்கையில் சிறியவர்களின் உரிமையைப் பெரும்பான்மையின் கைத்தூக்கலுக்கு விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் லவிங் வழக்கு இருக்கிறது. வெள்ளை இனத்தவரும் கறுப்பினத்தவரும் மணந்த குற்றத்துக்காக வர்ஜீனியாவில் அந்த இணையரைத் தண்டித்த விசாரணை நீதிபதி, இனங்களை வெவ்வேறு கண்டங்களில் வைத்தவர் எல்லாம் வல்ல இறைவன், அவை கலக்கக் கூடாது என்பதே அவருடைய எண்ணம் என்று எழுதினார். 1958இல் கேலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் அத்தகைய மணத்தை ஏற்றவர்கள் 4 விழுக்காட்டினர். 1967இல் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியபோதும் பெரும்பான்மை ஏற்கவில்லை. அந்த இணையரை வாக்கெடுப்பு வரை காத்திருக்கச் சொல்லியிருந்தால் ஒரு தலைமுறை போயிருக்கும்.

பதிவேடு எழுதியது:

நான் திருமணப் பதிவுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவள். இதுவரை யாரும் தொடாத ஒன்றைக் கேட்கிறேன். குரு மறுக்கலாம், சரி. பதிவாளர் மறுக்கலாமா? அவருக்கும் மனச்சான்று உண்டே.

தென்னாப்பிரிக்கா இதை ஒரு முறை செய்து பார்த்துவிட்டது. 2005இல் அதன் அரசியலமைப்பு நீதிமன்றம், நீதிபதி ஆல்பி சாக்ஸ் எழுதிய தீர்ப்பில், ஒருபால் இணையரும் மணக்க வழிசெய்ய நாடாளுமன்றத்துக்கு ஓராண்டு அவகாசம் தந்தது. 2006இல் சட்டம் வந்தது. அச்சட்டத்தின் 6ஆம் பிரிவு, மனச்சான்றின் பேரில் ஒருபால் மணத்தை நடத்த மறுக்க அரசு அலுவலர்களுக்கு இடம் தந்தது. பல அலுவலகங்களில் நடத்துவதற்கு ஆளே இல்லாமல் போயிற்று. சட்டப்படி உரிமை உண்டு, ஆனால் அடுத்த ஊர் அலுவலகத்துக்குப் போங்கள் என்ற நிலை. 2020இல் அந்தப் பிரிவையே நீக்கினார்கள். லண்டன் இஸ்லிங்டனில் ஒரு பதிவாளர் கிறித்தவ நம்பிக்கை காரணமாக ஒருபால் இணைவுகளைப் பதிவு செய்ய மறுத்து, வேலை தொடர்பான வழக்கை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை கொண்டுபோய், 2013இல் தோற்றார்.

என் கருத்தும் தீர்ப்பின் பக்கம்தான். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது நான் அரசு. என் பணிக்காலத்தில் என் மனத்துக்கு ஒப்பாத மணங்கள் பல என் மேசைக்கு வந்தன. வயது வித்தியாசம் பார்த்தே கை கூசிய மணங்கள் உண்டு. தாள்கள் சரியாக இருந்தால் கையொப்பமிட்டேன். மனம் ஒப்பவே இல்லை என்றால் வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்கலாம்; வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது.

தராசு எழுதியது:

பதிவேடு அம்மா அவர்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். சட்டநூல் அவர்களின் திருத்தத்தையும் ஏற்கிறேன்: வாரிசுரிமைச் சட்டங்கள் மதத்தின் கையில் இருக்கும்வரை பதிவேட்டை மட்டும் பொதுவாக்கிப் பயனில்லை.

தனியார் வணிகர்களைப் பற்றி யாராவது கேட்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். ஒருபால் திருமணத்துக்குப் பணி செய்ய விரும்பாத கேக் செய்பவர் ஒருவருக்கு 2018இலும் இணையதள வடிவமைப்பாளர் ஒருவருக்கு 2023இலும் சாதகமாக அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டாவது வழக்கு, ஒருவருடைய சொந்தப் படைப்பில் அவர் ஏற்காத கருத்தை எழுத வைக்க முடியுமா என்பதைப் பற்றியது. அது பேச்சுரிமை, திருமணச் சட்டத்தை நிறுத்திவைக்க அதில் காரணம் எதுவும் இல்லை.

உள்ளிருப்பவன் எழுதியது:

வேறு பெயரில் குடிமை இணைவு என்று ஒன்றைத் தந்தால் போதாதா என்று அடுத்ததாக யாராவது எழுதுவார்கள். முன்கூட்டியே சொல்கிறேன். டென்மார்க் 1989இல் உலகிலேயே முதலாவதாக அப்படிச் செய்தது. 2012இல் அதையும் விட்டுத் திருமணத்துக்கு வந்தது. இடையிலிருந்த அந்த இருபது ஆண்டு அனுபவத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஒன்றுமே இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். இன்று எனக்குக் கிடைக்குமானால் நாளையே போய்ப் பதிவு செய்வேன். ஆனால் அது கிடைத்த பிறகு, இதோடு திருப்தியாக இருங்கள் என்று சொல்ல வேண்டாம். எல்லை தாண்டியதும் அந்தத் தாளுக்கு என்ன மதிப்பு என்று ஒவ்வொரு நாட்டிலும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

நீதிமன்றங்கள் சிறிது சிறிதாகத் தருவதும் உண்டு. ஆணும் திருநங்கையும் செய்துகொண்ட மணத்தைப் பதிவு செய்ய வேண்டும், இந்துத் திருமணச் சட்டத்தில் மணமகள் என்பது திருநங்கையையும் குறிக்கும் என்று 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. அந்த மணம் தூத்துக்குடியில் ஒரு கோயிலில் நடந்தது! சடங்கு நடந்துவிட்டது, பதிவாளர்தான் மறுத்தார். மதம்தான் தடை, அரசு நடுநிலை என்று வைத்துக்கொண்டு பேசுபவர்கள் இந்த வழக்கை ஒரு முறை படிக்க வேண்டும். 2025 மே மாதத்தில் அதே உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல, தேர்ந்துகொண்ட குடும்பம் என்பதும் உண்டு என்றது. நல்ல சொற்கள்தான். மருத்துவமனைப் படிவத்தில் அவற்றை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பது இன்னும் தெரியவில்லை.

மறைவழி எழுதியது:

உள்ளிருப்பவன் அவர்களே, உங்கள் கடைசிப் பத்தியைப் படித்த பிறகு உடனே எழுத மனம் வரவில்லை. தூத்துக்குடி வழக்கு என் எண்ணத்துக்கு நேர்மாறாக இருக்கிறது.

திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் உரியது என்ற என் நம்பிக்கை மாறவில்லை. மாறும் என்றும் நினைக்கவில்லை. ஆனால் பதிவேட்டில் உங்கள் பெயர் எழுதப்படுவதால் என் அருட்சாதனத்துக்கு எந்தக் குறையும் வரும் என்று என்னால் காட்ட முடியவில்லை. விவாகரத்தையும் மறுமணத்தையும் அரசு பதிவு செய்கிறது. என் திருச்சபை அந்த மறுமணத்தை ஏற்பதில்லை. இரண்டும் அருகருகே இருந்துவருகின்றன. அந்த அளவுக்கு இதையும் என்னால் பொறுக்க முடியும். ஆதரித்து வாக்களிப்பேனா என்றால், மாட்டேன். தடுக்கத் தெருவில் இறங்குவேனா என்றாலும் மாட்டேன்.

எனக்கு இரண்டு வேண்டும். கனடாவின் 2005ஆம் ஆண்டுச் சட்டம், மத அமைப்புகளின் அலுவலர்கள் தங்கள் நம்பிக்கைக்கு ஒவ்வாத மணத்தை நடத்த மறுக்கும் உரிமை உடையவர்கள் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. எந்த நாட்டுச் சட்டமானாலும் அப்படி எழுதப்பட்டிருக்க வேண்டும். வாய்மொழி உறுதி போதாது. இன்னொன்று, நான் முதலில் கேட்ட தத்தெடுப்பு அமைப்புகள். அதற்கு இங்கே ஒருவரும் விடை எழுதவில்லை.

தராசு எழுதியது:

முதலாவதை எந்தத் தயக்கமும் இல்லாமல் எழுதிக் கொடுக்கலாம். அதை எதிர்க்கும் ஒருபால் திருமண ஆதரவாளரை நான் சந்தித்ததில்லை.

இரண்டாவது கடினமானது, நழுவியது உண்மை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021இல் பிலடெல்பியா வழக்கில், ஒருபால் இணையரை வளர்ப்புப் பெற்றோராக ஏற்க மறுத்த கத்தோலிக்க அமைப்பின் பக்கம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தாலும், அந்நகர ஒப்பந்தத்தில் விதிவிலக்குத் தரும் அதிகாரம் ஏற்கெனவே இருந்தது என்ற குறுகிய காரணத்தின் மேல்தான் தீர்ப்பை நிறுத்தியது. பொதுவான விடை அங்கும் இல்லை. என் எண்ணம் இது: அமைப்பு தன் சொந்தப் பணத்தில், தன் சமூகத்துக்குள் செய்யும் பணியில் அதன் நம்பிக்கையை மதிக்கலாம். அரசுப் பணத்தில், அரசின் பெயரால், அரசின் பொறுப்பில் உள்ள பிள்ளைக்குக் குடும்பம் தேடும்போது, தகுதியுள்ள ஓர் இணையரை அவர்கள் யார் என்பதற்காகவே ஒதுக்கக் கூடாது.

பதிவேடு எழுதியது:

அந்தக் கோட்டை நடைமுறையில் இழுப்பது எளிதல்ல, தராசு அவர்களே. தத்தெடுப்பு எங்கே நடந்தாலும் இறுதி ஆணை அரசுடையதாகவோ நீதிமன்றத்துடையதாகவோதான் இருக்கும். சொந்தப் பணம், சொந்தச் சமூகம் என்று எந்தப் பிள்ளையைச் சொல்வீர்கள்?

மறைவழி எழுதியது:

அதையேதான் நானும் கேட்க இருந்தேன், அம்மா, ஆனால் எதிர்த்திசையிலிருந்து. பிள்ளை யாருடைய சொந்தமும் இல்லை என்றால், அதன் நலன் எது என்பதை முதலில் பேசுவோம், அமைப்பின் உரிமையையும் இணையரின் உரிமையையும் அதற்குப் பின் வைப்போம். அந்த வரிசையில் பேசினால் என் பக்கத்துக்குச் சாதகமாக முடியும் என்று உறுதி இல்லை. இருந்தாலும் அந்த வரிசையில் பேசவே விரும்புகிறேன்.